மருந்து கண்ட மேதை சுப்பாராவ்

நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் அப்படியே உடலிற் கலப்பதில்லை. கணையத்தில் ஊறும் லிப்பேஸ் என்னும் நொதி அவற்றைச் சிறுகுடலில் நுண்கூறுகளாகப் பிளக்கும். குடற்சுவர் அக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். உடலிற் சேமித்த கொழுப்பைப் பட்டினிக் காலத்தில் பிளந்து தரும் நொதியும் உண்டு. நொதி குறைவின்றிச் சுரப்பினும், குடற்சுவர் பழுதுற்றால் கொழுப்பு வீணே வெளியேறும். உடல் நாளுக்கு நாள் மெலியும். வெப்ப நாடுகளிற் பரவிய ஸ்புரு என்னும் குடல்நோயின் இயல்பு இதுவே. அந்நோயால் உடன்பிறந்தார் இருவரை இழந்த ஒருவர், பிற்காலத்தில் அதனைத் தீர்க்கும் மருந்து பிறக்கக் காரணமானார். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் எளிய குடும்பத்திற் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறிய அவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரியிற் கற்ற காலத்தில், மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் தொண்டில் உள்ளம் பறிகொடுத்துத் துறவு பூண விழைந்தார். அன்னையார் இசையவில்லை. நோயாளர்க்குத் தொண்டு செய்வதும் தவமே எனத் தெளிந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் கதராடை உடுத்தியமையால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். உயர்ந்த பட்டத்திற்கு மாறாகத் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிட்டியது.

இடர் அத்துடன் நிற்கவில்லை. தமையனாரும் தம்பியும் எட்டு நாள் இடைவெளியில் ஸ்புரு நோய்க்கு இரையாயினர். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் இலட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார்.

1922இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்றார். கைப்பொருள் போதாமையால் மருத்துவமனையில் எளிய ஊழியமும் புரிந்தார். 1925இல் ஃபிஸ்க் என்பாருடன் கூடி, குருதியிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். கொழுப்பு முதலிய உணவுப்பொருள்கள் உடலில் எரியும்போது பிறக்கும் ஆற்றலைத் தாங்கி நிற்பது ஏ.டி.பி. என்னும் பொருள். பாஸ்பரஸ் அடங்கிய அப்பொருளைத் தசையில் அவ்விருவரும் 1929இல் கண்டனர். அதே காலத்தில் செருமானியராகிய லோமனும் தனியே கண்டார்.

1940இல் லெடர்லே ஆய்வகத்திற் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் யானைக்கால் நோய்க்கு மருந்து பிறந்தது; 1945இல் ஃபோலிக் அமிலம் செயற்கை முறையில் ஆக்கப்பெற்றது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவதாகிய ஆரியோமைசினும் அவ்வாய்வகத்திலேயே டக்கர் என்பாரால் கண்டறியப்பெற்று, 1948இல் வெளிவந்தது. வெப்பநாட்டு ஸ்புருவுக்கு இன்றும் மருத்துவர் அளிப்பன ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை மருந்துமே.

1948 ஆகஸ்டுத் திங்களில், தாயகம் திரும்பாமலே, தம் 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். உடன்பிறந்தாரைக் காக்க இயலாத அவரது துயரம், முன்பின் அறியாத எண்ணற்றோரைக் காக்கும் தொண்டாக மலர்ந்தது. காவி உடுத்தாவிடினும் அவர் மேற்கொண்டது தவவாழ்வே ஆகும்.