முதுமையில் அப்பர் பெருமான் காட்டிய நெறி

பிறந்தார் எவர்க்கும் இறப்பு உறுதி என்பதை நாம் அறியாமல் இல்லை. ஆயினும் தலை நரைத்து, முழங்கால் தளர்ந்து, உடன் பழகியவர் ஒவ்வொருவராக மறையும் காலத்தில்தான் அவ்வறிவு நெஞ்சைத் தைக்கிறது. அந்நாளில் அஞ்சாது நிற்பது எங்ஙனம்? 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாய்ப் பிறந்த மருள்நீக்கியார், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாரை மணக்கவிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். நிலையாமையை இவ்வாறு கண்முன் கண்ட மருள்நீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்தார். மெய்ந்நெறி தேடிச் சமணம் சார்ந்தார். சூலை நோயுற்றபின் திருவதிகையில் சிவபெருமானைச் சரணடைந்து நாவுக்கரசர் ஆனார்.

அதன்பின் சாவு அவரைப் பலமுறை நெருங்கிற்று. நீற்றறை, நஞ்சு, மதயானை, கல்லொடு பிணித்துக் கடலில் இடுதல் ஆகிய அனைத்தினின்றும் இறைவன் அவரைக் காத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. திங்களூரில் அரவு தீண்டி இறந்த அப்பூதியடிகளின் மைந்தனையும் அவர் பதிகம் பாடி எழுப்பினார்.

முதுமையில் கயிலைநாதனைக் காணும் வேட்கை அவரை வடதிசைக்கு ஈர்த்தது. பாதங்கள் தேய்ந்தன; கைகளால் தவழ்ந்தார். கைகள் தேய்ந்தன, மார்பினால் நகர்ந்தார். பின்னர் உடலைப் புரட்டிச் சென்று, அதுவும் இயலாது கிடந்தார். முனிவராய் வந்த இறைவன் அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் செய்தான். அவர் எழுந்ததோ திருவையாற்றில். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. உடல் சென்று சேராத இடம், அன்பரைத் தேடித் தானே வந்தது.

இறுதியாகத் திருப்புகலூரை அடைந்தார். தளர்ந்த கையிலும் உழவாரப் படை இருந்தது. நாள்தோறும் திருமுற்றத்தில் புல் செதுக்கினார். அங்கே பொன்னும் மணியும் மின்னியபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். பிறர் மகனை எழுப்பித் தந்தவர், தம் ஆயுளை ஒரு நாள் நீட்டித் தருமாறு வேண்டியதாகச் சேக்கிழார் பாடவில்லை. திருவடியையே நினைந்து பதிகம் பாடி, சித்திரைச் சதயத்தன்று இறைவனோடு கலந்தார். அப்போது அவருக்கு அகவை 81 என்பது சைவ மரபு.

ஆண்டுதோறும் அச்சதய நாளில் அவர் குருபூசை நிகழ்கிறது. அன்று அவர் திருவுருவின் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரத்தை முதிய அன்பர்கள் சற்று உற்று நோக்குதல் நலம். வரும் நாளை எண்ணிக் கலங்குவதினும், பூத்தொடுத்தோ விளக்கேற்றியோ இயன்ற தொண்டைச் செய்திருப்பது மேல். அழைப்பு வருங்கால் நம் கைகளும் வெறுங்கைகளாய் இராமல் திருவருள் துணை நிற்பதாக!