மர இருக்கையில் பிறந்த கனவு



நம் வீட்டுக் குட்டித் தம்பியையோ தங்கையையோ முதன்முதலாக ராட்டினத்தில் ஏற்றிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? மரக்குதிரையின்மேல் உட்கார வைத்ததும் ஒரே அழுகை. ஒரு சுற்று வந்ததும் சிரிப்பு. கீழே இறக்கினால் மறுபடியும் அழுகை! அம்மாவும் அப்பாவும் குழந்தையின் செருப்பையும் பையையும் கையில் பிடித்தபடி வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படி வெளியே காத்திருந்த ஒரு தந்தையின் உள்ளத்தில் எழுந்த எண்ணம்தான் உலகப் புகழ்பெற்ற டிஸ்னிலாந்தாக மலர்ந்தது. அந்தத் தந்தை வால்ட் டிஸ்னி.

அவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை இலியாஸ் கண்டிப்பானவர். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் தச்சு வேலை செய்தவர். தாயார் பெயர் ஃபுளோரா. வால்ட் சிறுவனாயிருந்தபோது குடும்பம் மிசௌரி மாநிலத்திலுள்ள மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து விவசாயம் செய்தது. அந்த ஊரின் கடைத்தெருவும், அவ்வழியே சென்ற புகைவண்டியும் அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை.

1911-இல் குடும்பம் கான்சாஸ் நகரை அடைந்தது. அங்கே தந்தை நாளிதழ் விநியோகிக்கும் வேலையை எடுத்தார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, பனியிலும் குளிரிலும் வீடு வீடாய்ப் பத்திரிகை போட்டனர். இதற்குத் தந்தை கூலி தரவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வால்ட் இவ்வேலையைச் செய்தார். சில வீட்டுத் திண்ணைகளில் அவ்வீட்டுக் குழந்தைகள் முந்திய நாள் விளையாடிய பொம்மைகள் கிடக்கும். அந்த இருட்டில், சிறுவன் வால்ட் சற்று நேரம் அவற்றோடு தனியே விளையாடிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான்.

வாலிபரானதும் கேலிச்சித்திரம் வரையும் தொழிலில் இறங்கினார். 1922-இல் அவர் தொடங்கிய நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. வெறுங்கையுடன் ஹாலிவுட் சென்று அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய படக்கூடம் அமைத்தார். 1925-இல் லில்லியன் என்ற பெண்மணியை மணந்தார். அவர் உருவாக்கிப் புகழ்பெற்ற ஆஸ்வால்ட் என்னும் முயல் 1928-இல் அவர் கையைவிட்டுப் போயிற்று. மனம் தளராமல் ஓர் எலியைப் படைத்தார். அதுவே மிக்கி மவுஸ்! அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஒலியுடன் கூடிய படத்தில் மிக்கி திரைக்கு வந்தது. 1937-இல் வெளியான ஸ்னோ ஒயிட் முழுநீளக் கார்ட்டூன் படம் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1941-இல் அவருடைய ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த மனக்கசப்பு நெடுநாள் நீடித்தது.

வால்ட்டுக்கு டயான், ஷாரன் என இரு பெண்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் வார இறுதியில் அவர்களை வெளியே அழைத்துச் செல்வார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் ஒரு ராட்டினம் உண்டு. குழந்தைகள் மரக்குதிரையில் சுற்றி வருவர். தந்தையோ மர இருக்கையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இருக்கக்கூடாது என்று அவர் சிந்தித்தார். அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் பல அழுக்கும் குப்பையுமாய் இருந்தன. 1951-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள டிவோலி பூங்காவைக் கண்டபோது, அதன் தூய்மையும் ஒழுங்கும் அவரைக் கவர்ந்தன.

ஆனால் பணம் கொடுப்பார் யார்? அண்ணன் ராய்கூட முதலில் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். 1953-இல், ஓர் ஓவியரை அருகில் உட்காரவைத்து, தம் கற்பனையைச் சொல்லச் சொல்ல, இரண்டே நாளில் பூங்காவின் படத்தை வரைவித்தார். அதை எடுத்துக்கொண்டு ராய் நியூயார்க் சென்றார். முடிவில் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் உதவ முன்வந்தது. அனாஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1954 ஜூலையில் வேலை தொடங்கி, ஒரே ஆண்டில் முடித்தார்கள். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்!

1955 ஜூலை 17 திறப்பு விழா. அன்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். போலிச் சீட்டுகளுடன் வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 28,000 பேர் குவிந்துவிட்டனர். கடும் வெயில். புதிதாய்ப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்ப் பணியாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்களை முடிப்பதா, கழிப்பறைகளை முடிப்பதா என்ற நிலை முன்பே ஏற்பட்டிருந்தது. வால்ட் கழிப்பறைகளையே முதலில் முடிக்கச் சொன்னார். கைக்குழந்தையுடன் வெளியே சென்றுவந்த எந்தத் தாயும் அம்முடிவின் அருமையை அறிவாள்! ஆனால் தண்ணீரின்றி மக்கள் தவித்தனர். சில விளையாட்டு இயந்திரங்கள் பழுதாகி நின்றன. மறுநாள் செய்தித்தாள்கள் அவரைக் குறை கூறின.

வால்ட் சோர்ந்துவிடவில்லை. குறைகளை ஒவ்வொன்றாய்த் திருத்தினார். நடந்து சென்று, மக்களோடு வரிசையில் நின்று பார்த்தார். குப்பைத் தொட்டிகள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். ராட்டினத்தின் குதிரைகள் அனைத்தும் பாய்ந்து செல்பவையாக இருக்க வேண்டும், எந்தக் குழந்தைக்கும் அசையாத குதிரை கிடைக்கக்கூடாது என்பது அவர் விருப்பம். இரண்டு மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்து சென்றனர்!

1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்காக ஒரு படகுப் பயணத்தை அமைத்தார். பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் ஆடிப் பாட, அவற்றிடையே படகு மெல்லச் செல்லும். அதன் வண்ண அழகுக்குக் காரணமானவர் மேரி பிளேர் என்னும் பெண் ஓவியர். 1966-இல் அது டிஸ்னிலாந்துக்கு வந்தது. மடியில் இருக்கும் பிள்ளையும், பிடித்திருக்கும் தாயும், உடன் வரும் பாட்டியும் ஒரே படகில் அமர்ந்து ஒன்றாய் வியக்கலாம். மர இருக்கையில் கண்ட கனவு முழுமையாய் நிறைவேறியது இங்கேதான் எனலாம்.

இளமை முதல் விடாத புகைபிடிக்கும் பழக்கம் அவரைப் பலிகொண்டது. நுரையீரல் புற்றுநோயால் 1966 டிசம்பர் 15-ஆம் நாள், தம் 65-ஆம் வயதில் காலமானார். ஓய்வுபெற எண்ணியிருந்த ராய் அதைத் தள்ளிவைத்து, ஃபுளோரிடாவில் தம்பி தொடங்கிய பெரும்பணியை முடித்தார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள் திறக்கப்பட்ட அதற்குத் தம்பியின் முழுப்பெயர் விளங்கவேண்டும் என்று வால்ட் டிஸ்னி வேர்ல்டு எனப் பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார். விடியற்காலையில் சேர்ந்து பத்திரிகை போட்ட சகோதரர்களின் பாசம் கடைசிவரை குறையவில்லை.

தோழிகளே! பிறர் வீட்டுத் திண்ணையில், பிறர் பொம்மையோடு, இருட்டில் தனியே விளையாடிய சிறுவன் அவர். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ வேண்டும் என்று எண்ணியே அவர் பெரிதாய் உழைத்தார். அடுத்த முறை குட்டித் தங்கையை ராட்டினத்துக்கு அழைத்துச் செல்லும்போது வெளியே நின்றுவிடாதீர்கள். அருகில் ஏறி அமர்ந்து, அவள் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவையும் அழையுங்கள். அந்த ஒரு சுற்று அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும் மறக்கமுடியாததாக இருக்கும்.