கணக்குல கிளை, நுரையீரல்ல கிளை... கடைசியில் உடலையே பாடமாக்கிய ஹால்டேன்!

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால், கிளியூரில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவி கொட்டும். அந்தப் பக்கம் போனா, காபித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அடிமரம், கிளை, சிறு கிளை, இலை. இதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உங்க நுரையீரல் ரெடி!

நம்ம மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் மறுபடி பிரியும். இப்படிச் சுமார் 23 முறை. ஒவ்வொரு தடவையும் சரியா இரண்டுனு கணக்குப் போட்டால், 83 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைகள்!

எதுக்கு இத்தனை கிளை? 1926-ல் ஒரு கட்டுரையில் இதை எளிமையாக விளக்கியவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன். ஒரு விலங்கு எல்லாப் பக்கமும் 10 மடங்கு வளர்ந்தால், எடை 1,000 மடங்காகும். தோலின் பரப்போ 100 மடங்குதான். அப்போ ஆக்ஸிஜன் பத்தாது. மீனுக்குச் செவுளும் நமக்குக் கிளைவிட்ட நுரையீரலும் தேவைப்பட்டது இதனால்தான்.

அப்பாவின் 'அசிஸ்டென்ட்'

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் ஹால்டேன். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுவாசத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. சின்ன வயசுலேயே அப்பாவின் சோதனைகளில் மகனும் ஆஜர். கல்லூரியில் படித்தது கணிதமும், கிரேக்க, லத்தீன் இலக்கியமும். உயிரியலில் பட்டமே இல்லை!

ஆனா, கணக்கை உயிரியலுக்குள் கொண்டுவந்ததே அவர்தான் சாதித்த விஷயம். 1927-ல் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நல்ல மரபணு மாற்றம் புதுசா வந்தால், அது தலைமுறைகள் தாண்டி நிலைக்குமா? வம்சத்தைக் கிளைகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். அந்த மாற்றம் 1 சதவிகிதம் கூடுதல் பலன் தந்தாலும், நிலைக்கும் வாய்ப்பு சுமார் 2 சதவிகிதம்தான். மீதியெல்லாம் பாதியிலேயே பட்டுப்போகும் கிளைகள்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், நீர்மூழ்கி வீரர்களைக் காப்பாற்ற அழுத்த அறைக்குள் தானே போய் உட்கார்ந்தார். ஒரு சோதனையில் வலிப்பு வந்து அவர் முதுகெலும்பே நசுங்கியது. காது ஜவ்வும் கிழிந்தது.

இந்தியாவுக்கு ஷிஃப்ட்

1956-ல் சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்தது. அது பிடிக்காத ஹால்டேன், 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துட்டார். குர்தா, சைவச் சாப்பாடு, பிறகு இந்தியக் குடியுரிமை என முழுசா மாறினார். கடைசியில் புவனேஸ்வரில் ஆய்வகம் அமைத்தார்.

அப்போதுதான் மலக்குடல் புற்றுநோய். லண்டனில் சிகிச்சை எடுத்தபடியே, தன் நோயைக் கிண்டல் செய்து ஒரு கவிதை எழுதினார். அறிகுறி தெரிந்ததும் கூச்சப்படாம டாக்டர்கிட்ட போங்க என்பதுதான் அதன் சாரம். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தானேனு தள்ளிப்போடும் நமக்கும் அது பொருந்தும்.

1964 டிசம்பர் 1, புவனேஸ்வரில் 72 வயதில் இறந்தார். உயிலில் எழுதியிருந்தபடி, அவர் உடல் ஆந்திராவின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. கிளைகளைக் கணக்கில் எழுதியவர், தன் உடலுக்குள் இருந்த கிளைகளையும் மாணவர்கள் படிக்கக் கொடுத்துவிட்டார்.