வலி எனும் ஆசான்

திருப்பதியில் இயந்திரவியல் பயிலும் நம்மவர் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. மனிதக் கையைப் போல் வேலை செய்யும் ரோபோக் கை ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதே அது. எனக்கும் அவ்வாசை உண்டு. வழிகாட்டியைத் தேடி நாம் அயல்நாடுகளை நோக்குகிறோம். நான் காட்ட விரும்பும் பெரியவரோ பக்கத்து வேலூரில் உழைத்தவர். என் ஊராகிய சித்தூர் 1911 வரை வேலூரோடு ஒரே மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அவர் வரலாறு நமக்கும் உரியதே.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயால் முடங்கிய கையை விதியென்று விட்டுவிட்ட காலம் அது. பிராண்ட் உற்று நோக்கினார். நோய் நரம்புகளைக் கெடுத்திருந்தது. முன்கைத் தசைகள் பலவோ வலிமையோடு இருந்தன. அவற்றுள் ஒன்றன் நாணைப் பிரித்து, வழிமாற்றி, விரல்களில் தைத்தார். அத்துடன் கை இயங்கிவிடுமா? இயங்காது! நேற்றுவரை விரலை மடக்கிய தசை, இன்று அதை நிமிர்த்தக் கற்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அமைப்பு பாதி, பழக்கம் பாதி. ரோபோவுக்கும் இதுவே விதி.

இன்னோர் உண்மையையும் அவர் கண்டார். விரல்களை நோய் தின்பதில்லை. சூட்டையும் காயத்தையும் உணராத கைதான் தன்னையே அழித்துக்கொள்கிறது. 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், செயற்கை வலியைப் படைக்க முனைந்தார். அழுத்தத்தை உணரும் கருவிகளைக் கையுறையில் பொருத்தினார். ஆபத்து நேர்ந்தால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தந்து பார்த்தார். வேலை முடியும்வரை அவர்கள் அதை நிறுத்தி வைத்தார்கள்! பல்லாண்டு முயற்சி கைவிடப்பட்டது. அறிவிப்பதை அணைத்துவிடலாம், வலியை அணைக்க முடியாது. அதனால்தான் வலி ஆசானாகிறது.

இன்றைய ரோபோ கணினிக்குள் ஆயிரம் முறை விழுந்து நடை பழகுகிறது. விழுந்தால் அதற்கு மதிப்பெண் குறையும், வலிக்காது. பிராண்டு விட்டுச்சென்ற கேள்வி இன்னும் நம் முன் நிற்கிறது.

அவர் 2003-இல் மறைந்தார். நண்பர்களே! திருப்பதித் தெருவிலோ சித்தூர்ச் சந்தையிலோ முடங்கிய கை ஒன்றைக் கண்டால் முகம் திருப்பாதீர்கள். நாம் செய்யப்போகும் இயந்திரக் கை யாருக்காக என்பதை அந்தக் கை சொல்லும்.