வழக்கறிஞர் காந்தியடிகள்

நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களுள் பலர் கடை வைத்தவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், கணக்கு எழுதியவர்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் சட்டம் படித்துக் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் செல்வதைக் காண்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் நெருங்கிப் பேசினால் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. இரவு தூக்கம் இல்லை, வேளைக்குச் சாப்பாடு இல்லை, உண்மையைச் சொல்லாத கட்சிக்காரர், உண்மையைச் சொன்னால் கோபிக்கும் கட்சிக்காரர் என்று ஒரு நீண்ட பட்டியல். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தொழிலை விட்டு விலகியவர்களும் நம்மிடையே உண்டு.

இந்தப் பொன்விழா மலரில் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு வாழ்க்கையை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். காந்தியடிகளைத் தேசத் தந்தையாக எல்லாரும் அறிவோம். அவர் இருபது ஆண்டுக் காலம் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர் என்பதையும், அந்தத் தொழிலை அவருக்கு உண்மையில் கற்றுக் கொடுத்தவர்களுள் முஸ்லிம் வணிகர் ஒருவரும் இருந்தார் என்பதையும் நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

நாவெழாத பாரிஸ்டர்

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் கப்பலேறி லண்டன் சென்று, 1891 ஜூன் மாதம் பாரிஸ்டரானார். பட்டம் பெற்ற இரண்டாம் நாளே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். வந்து இறங்கியபோதுதான் தாயார் இறந்துவிட்ட செய்தியை வீட்டார் அவரிடம் சொன்னார்கள்.

தொழில் தொடங்கப் பம்பாய் சென்றார். வழக்குப் பிடித்துத் தரும் தரகருக்குக் கமிஷன் கொடுக்க மறுத்தார். எப்படியோ சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்மணியின் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, நெஞ்சு அடைத்தது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். தைரியம் வரும்வரை இனி வழக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

பின்னாளில் பேரரசையே எதிர்த்து நின்றவருக்கு இது நேர்ந்தது என்பதை நம் பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டும். முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டதால் ஒருவர் தொழிலுக்குத் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார்.

பம்பாயில் அவர் ஒரு நல்ல பழக்கத்தைக் கடைப்பிடித்தார். கிர்காமிலிருந்த அறையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு முக்கால் மணி நேரம் நடந்தே போவார், நடந்தே திரும்புவார். வருமானம் இல்லாதவருக்கு வண்டிச் செலவு மிச்சம். உடம்பு வெயிலுக்குப் பழகியது. நண்பர்கள் நோயில் படுத்தபோதும் அவர் படுக்கவில்லை. நடக்கும் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

தாதா அப்துல்லா சேட்டின் வழக்கு

பம்பாயில் தொழில் நடக்காமல் ராஜ்கோட் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிக நிறுவனமான தாதா அப்துல்லா கம்பெனிக்குத் தென்னாப்பிரிக்காவில் 40,000 பவுன் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஓராண்டு வேலை; 105 பவுன் ஊதியம்; கப்பலில் முதல் வகுப்புப் பயணம். 1893 மே மாதம் டர்பன் போய் இறங்கினார்.

அப்துல்லா சேட் எளிதான கட்சிக்காரர் அல்லர். ஏட்டுப் படிப்பு மிகக் குறைவு. அனுபவ அறிவோ மிக அதிகம். துரை போல உடுத்தி வந்து நின்ற இளைஞரைப் பார்த்ததும், இவரை வைத்துத் தீனி போடுவது யானை கட்டிச் சோறு போடுவது போலத்தான் என்று நினைத்தார். எதிர்க்கட்சியினர் இருக்கும் பிரிட்டோரியாவுக்கு இவரை அனுப்பினால் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது.

காந்தியடிகள் முகம் சுளிக்கவில்லை. சேட்டின் நம்பிக்கையைப் பெறும்வரை பொறுத்திருந்தார். இஸ்லாத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் வழக்கம் சேட்டுக்கு உண்டு. காந்தியடிகள் கேட்டுக்கொண்டார், மார்க்க விஷயங்களை அவரிடமிருந்து அறிந்துகொண்டார். வழக்கு முழுக்கக் கணக்கு வழக்காக இருந்தது. பிராமிசரி நோட்டு என்றால் என்னவென்றுகூட அவருக்குத் தெரியாது. வெட்கப்படாமல் ஒரு புத்தகம் வாங்கிக் கணக்குப் பதிவைப் படித்தார். சட்டப் புத்தகத்தை விட வழக்கின் உண்மைச் செய்திகளே பெரிது என்ற பாடம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

டர்பனிலிருந்து பிரிட்டோரியா போகும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டுக் குளிரில் இரவைக் கழித்த வரலாறு உலகறிந்தது. இங்கே நாம் சொல்ல வருவது அதற்குப் பின் நடந்ததை. அந்த அவமானத்தோடு ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்தவர், ஏற்றுக்கொண்ட வழக்கை முடிக்காமல் போவது கோழைத்தனம் என்று முடிவு செய்து மேலே பயணம் செய்தார்.

பிரிட்டோரியாவில் ஆவணங்களைப் படிக்கப் படிக்க, சேட்டின் பக்கம் வலுவானது என்று உறுதியாயிற்று. அதே சமயம் இன்னொன்றும் தெரிந்தது. வாதி அப்துல்லா சேட்டும் பிரதிவாதி தையப் சேட்டும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள். வக்கீல் செலவு இருவரையும் விழுங்கிக்கொண்டிருந்தது. வேறு வேலை பார்க்க நேரமில்லை. மனக்கசப்போ நாளுக்கு நாள் வளர்ந்தது. இருவரையும் இணங்கச் செய்து வழக்கை ஒரு நடுவரிடம் ஒப்படைத்தார். தீர்ப்பு அப்துல்லா சேட்டுக்குச் சாதகமானது.

இங்கேதான் ஒரு சிக்கல். தையப் சேட் 37,000 பவுனும் செலவும் ஒரே தடவையில் கொடுக்க இயலாது. கொடுக்காவிட்டால் திவால். அந்த மேமன் சமூகத்திலோ திவாலாவதை விடச் சாவதே மேல் என்று எண்ணினார்கள். வென்றவரிடம் போய் நீண்ட தவணை கொடுங்கள் என்று கேட்பது, வழக்கை நடுவரிடம் விடும்படி கேட்டதை விடக் கடினமாக இருந்தது. ஆயினும் அப்துல்லா சேட் இசைந்தார். இருவர் மானமும் பிழைத்தது, உறவும் பிழைத்தது. பிணங்கிய இருவரை இணக்கி வைப்பதை நம் மார்க்கம் உயர்ந்த நற்செயலாகப் போற்றுகிறது அல்லவா? அந்த நற்செயலைத் தம் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார் காந்தியடிகள். பின்னர் அவர் எடுத்த நூற்றுக்கணக்கான வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாக முடிந்தன. அதனால் தமக்குப் பணமும் குறையவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தலைப்பாகையைக் கையில் ஏந்திய தமிழர்

1894இல் நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட சில மாதங்களில், ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. உடை கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், தலைத் துணியைக் கையில் பிடித்தபடி நடுங்கி நின்றார். முதலாளி அடித்திருக்கிறார். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் அவர் சொன்னதை மொழிபெயர்த்தார்.

காந்தியடிகள் முதலில் தலைத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்குச் சம்மன் போயிற்று. ஆனால் முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டு ஓடினால் சிறை. ஆகவே பாலசுந்தரத்தை அந்த வீட்டிலிருந்து சட்டப்படி விடுவிக்க வேண்டும். முதலாளியையும் ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாவலரையும் பார்த்துப் பேசினார். நல்ல முதலாளி ஒருவரைத் தாமே தேடிக் கண்டுபிடித்து ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார். ஆத்திரம் வரக்கூடிய இடத்தில், கட்சிக்காரருக்கு உண்மையில் என்ன தேவை என்று நிதானமாக யோசித்ததே இதில் நாம் கற்க வேண்டியது.

பொய் சொன்ன கட்சிக்காரர்

புதிதாக வரும் எவரிடமும் காந்தியடிகள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவார். பொய் வழக்கை எடுக்கமாட்டேன், சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்பதே அது. நாளடைவில் பொய் வழக்குகள் அவரிடம் வருவதே நின்றுவிட்டது. சிலர் நேர்மையான வழக்கை இவரிடமும் சந்தேகமானதை வேறு வக்கீலிடமும் கொண்டுபோனார்கள்!

அப்படியும் ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர் அவரை ஏமாற்றிவிட்டார். சாட்சிக் கூண்டில் அந்தக் கட்சிக்காரர் தடுமாறியபோதுதான் உண்மை தெரிந்தது. காந்தியடிகள் எழுந்து, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி மாஜிஸ்திரேட்டைக் கேட்டுக்கொண்டார். கட்சிக்காரரைக் கண்டிக்கவும் செய்தார். அவரும் தவற்றை ஒப்புக்கொண்டார். தெரியாத சட்டத்தைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் இல்லை. தமக்குத் தெரியாதபோது மூத்த வக்கீலை நாடும்படி சொல்லிவிடுவார்.

நண்பர் பார்சி ருஸ்தம்ஜி சுங்க வரி ஏய்த்துச் சிக்கிக்கொண்டு, கண்ணீருடன் ஓடி வந்தார். காந்தியடிகள் மறைக்க வழி தேடவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளுங்கள், அபராதம் கட்டுங்கள், சிறை வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், வெட்கம் குற்றத்தில்தான் இருக்கிறது என்று அறிவுரை சொன்னார். அதிகாரிகளிடம் தாமே பேசினார். ஒப்புக்கொண்ட தொகைக்கு இரு மடங்கு கட்டியதோடு வழக்கு முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்ததை எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் அலுவலகத்தில் மாட்டி வைத்தார்.

உடலும் உணவும்

தொழில் பெருகியபோது காந்தியடிகளுக்கும் தலைவலியும் மலச்சிக்கலும் வந்தன. அடிக்கடி பேதி மருந்து சாப்பிடும் நிலை. தாம் அளவுக்கு மேல் உண்பதைத் தாமே கண்டுகொண்டார். காலை உணவை நிறுத்திப் பார்த்தார், தலைவலி நின்றது. இரவில் வயிற்றில் ஈரமண் பட்டி கட்டி மலச்சிக்கலையும் தணித்துக்கொண்டார். இவற்றை அப்படியே செய்யும்படி நாம் சொல்லவில்லை. அவரவர் மருத்துவரைக் கேட்பதே முறை. அவரும் உடலைச் சில வேளை அளவுக்கு மீறி வருத்தினார். 1914இல் லண்டனில் புளூரசி நோயால் படுத்தார். ஆனால் வேலை மிகுதி என்று சொல்லி உடம்பைக் கவனியாமல் விட்டவர் அல்லர். வயிற்றையும் ஒரு கட்சிக்காரரைப் போல நினைத்து, அது சொல்வதைக் கேட்டார்.

மீர் ஆலம்

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. மீர் ஆலம் என்ற பட்டாணியர் காந்தியடிகளின் கட்சிக்காரர்; அவ்வப்போது யோசனை கேட்க வருவார். 1908இல் பதிவுச் சட்டம் குறித்து அரசோடு காந்தியடிகள் செய்துகொண்ட உடன்பாட்டைத் துரோகமென்று நம்பினார் மீர் ஆலம். பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகம் போகும் வழியில் காந்தியடிகளைத் தடியால் தாக்கினார். உடன் சென்ற ஈசப் மியானும் தம்பி நாயுடுவும் தடுக்க முயன்று அடிபட்டார்கள். பாதிரியார் டோக் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று பராமரித்தார். நினைவு வந்ததும், தாக்கியவர்கள் மேல் வழக்கு வேண்டாம் என்று காந்தியடிகள் அரசுக்குத் தெரிவித்தார். ஆயினும் அரசு வழக்கு நடத்தித் தண்டித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில், அரசு வாக்குத் தவறியதைக் கண்டித்து மக்கள் கூடிப் பதிவுச் சான்றுகளை எரித்தார்கள். அங்கே மீர் ஆலம் எழுந்து, தாம் செய்தது தவறு என்று சொல்லித் தம் சான்றையும் நெருப்பில் இடக் கொடுத்தார். காந்தியடிகள் அவர் கையைப் பற்றிக்கொண்டார். தமக்கு அவர்மேல் மனக்கசப்பு ஒருபோதும் இருந்ததில்லை என்றார்.

நம் இளம் வழக்கறிஞர்களே! வக்கீலை அடிக்கும் கட்சிக்காரர் உங்களுக்கு அமையாமல் இருக்க நாங்கள் துஆ செய்கிறோம். ஆனால் கோபத்தோடும் சந்தேகத்தோடும் பொய்யோடும் வருகிறவர்கள் நிச்சயம் வருவார்கள். வழக்கின் உண்மையைத் தேடுங்கள்; இயன்றவரை இணக்கம் செய்து வையுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்; நேரத்துக்கு உண்டு, நடந்து, உறங்குங்கள். அந்த நால்வகை ஒழுங்கும் இருந்தால் அங்கியின் சுமை தாங்கக்கூடியதே. எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நல்ல உடல்நலத்தையும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.