இடைகழியில் எழுந்து இடம் தந்தவர்: பொய்கையாழ்வார் வைபவம்

ஐப்பசித் திருவோணம் நெருங்கும்போது பொய்கையாழ்வாரை நினைத்திருப்பது ஸ்ரீவைஷ்ணவர்களின் வழக்கம். முதல் திருவந்தாதியின் 100 பாசுரங்களுக்குப் பொருள் காணப் புகுமுன், அவற்றை அருளிச்செய்தவருடைய சரிதத்தைச் சிறிது அநுபவிப்போம்.

கச்சியில் திருவெஃகா ஸந்நிதியை அடுத்த பொய்கையில், தாமரை மலரில், பாஞ்சஜந்யத்தின் அம்சமாக ஆழ்வார் திருவவதரித்தார் என்பர் பூர்வர்கள். மறுநாள் அவிட்டத்தில் கடல்மல்லையில் பூதத்தாழ்வாரும், அடுத்த சதயத்தில் மயிலையில் பேயாழ்வாரும் அவதரித்தனர். மூவரும் ஒருவரையொருவர் அறியாமல், எம்பெருமானையே நினைந்து ஊர் ஊராகத் திரிந்து வந்தனர்.

அங்ஙனம் திரிகையில், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூருக்கு ஓரிரவு பொய்கையார் எழுந்தருளினார். பெருமழையும் காற்றும் காரிருளுமான அவ்விரவில், மிருகண்டு முனிவருடைய ஆச்ரமத்தின் இடைகழி அவருக்கு ஒதுங்க இடமாயிற்று. ஒருவர் கிடக்கப் போதுமான இடம் அது. சிறிது பொழுதில் பூதத்தார் வந்து இடம் வேண்டினார். பொய்கையார் எழுந்து அமர்ந்தார். இருவர் இருக்க அவ்விடம் போதுமானதாயிற்று. பின்னர்ப் பேயார் வந்தார். இருந்த இருவரும் எழுந்தனர், மூவர் நின்றனர். அதன்மேல் நான்காமவர் ஒருவர் உட்புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். வந்தது யார் என்று காண, உலகப் பொருள்களையே விளக்காக்கி முதலில் பாடியவர் பொய்கையார். அன்பை விளக்காக்கிப் பூதத்தார் பாட, அவ்விரு விளக்கொளியில் பிராட்டியோடு கூடிய பெருமானைக் கண்ட பேறு பேயாருக்கு வாய்த்தது.

இச்சரிதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றை இங்கு நின்று நோக்க வேண்டும். வழிநடந்து களைத்து, மழையில் நனைந்து, அப்போதுதான் சாய்ந்த திருமேனி அவருடையது. இடமில்லை என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. ஒருவருக்கு மேல் அங்கே கிடக்க இயலாது. ஆனால் இடத்தின் அளவை அவர் சுவரைக் கொண்டு அளக்கவில்லை. தம் சரீரம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதைக் கொண்டு அளந்தார். சுவரை நகர்த்த ஒருவராலும் ஆகாது. கிடப்பவர் எழுவதோ அவர் கையிலேயே இருக்கிறது.

ஆழ்வார் அவதரித்த திருவெஃகாவின் எம்பெருமானும் இத்தகையவனே. திருமழிசையாழ்வார் சொற்படி பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டு, மீண்டும் அவர் சொற்படியே வந்து கிடந்தவன். ஆதலின் யதோக்தகாரி என்று பெயர் பெற்றான். அடியார்க்காகக் கிடை கலைவது அவ்வூர்ப் பெருமானுக்கும் ஆழ்வாருக்கும் பொதுவாயிற்று.

திருக்கோவலூரை மங்களாசாஸனம் செய்த ஸ்வாமி தேசிகன், தேஹளீச ஸ்துதியில் எம்பெருமானைப் பெண்ணைக் கரைக் கரும்பாகவும், முதலாழ்வார்கள் நெருக்கியதில் பிறந்ததை அதன் சாறாகவும் கண்டார். கரும்பு விளையும் விழுப்புரம் சீமையாருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. நெருங்காமல் சாறு இல்லை.

திருக்கோவலூர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டம் மாறினும் மழை அதேதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, பெண்ணையும் பெருகியது. அத்தகைய இரவில் ஒரு கதவு தட்டப்படும்போது, உள்ளே கிடப்பவர் எழுவாரா என்பது கதையன்று. நனைந்து நிற்பவரின் உயிர்.

அவ்வளவு பெரிய இரவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சென்னையிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் வருகையில், இருக்கையில் நீட்டிப் படுத்திருப்பவர் திண்டிவனத்தில் ஏறும் கைக்குழந்தைக்காரியைக் கண்டு எழுகிறாரா, கண்ணை மூடிக்கொள்கிறாரா என்பதிலும் அந்த இடைகழி உண்டு. வெளிநாட்டில் வாழும் அன்பர்களுக்கோ, தாயகத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பத்துக்குச் சில நாள் தம் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தருவதில் உண்டு.

வங்கியில் மார்ச் 31 அன்று கணக்கு முடித்துப் பழகிய நமக்கு, ஐப்பசியின் இம்மூன்று நாள்களும் வேறொரு கணக்குக்கு உரியனவாகத் தோன்றுகின்றன. திருவோணத்தன்று, எங்கே கிடக்கிறோம் என்று பார்ப்போம். அவிட்டத்தன்று, யாருக்காக எழுந்து உட்கார வேண்டும் என்று எண்ணுவோம். சதயத்தன்று, யாரோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று தெளிவோம். முழங்கால் வலியால் நிற்க இயலாதவர் சற்று ஒதுங்கி அமர்ந்தாலும் ஒருவருக்கு இடம் உண்டாகும். இயன்ற அளவு இடம் தருவது நம் கடமை. அவ்விடத்தில் நான்காமவனாய் வந்து புகுவது அவனுடைய அருள்.

பொய்கையாழ்வார் திருவடிகளே சரணம்.