சீட்டு விற்றுப் பாடினார், கடன் வாங்கிப் பள்ளி கட்டினார்: இசைமேதை பலுஸ்கர்

சிறு வயதில் திருவிழா ஒன்றில் முகத்தருகே வெடித்த பட்டாசுதான் விஷ்ணு திகம்பர் பலுஸ்கரை இசைப் பக்கம் திருப்பியது. 1872 ஆகஸ்டு 18ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள குருந்த்வாட் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை கீர்த்தனம் செய்பவர். நம் வழக்கில் சொன்னால் கதாகாலட்சேபம். வெடி விபத்தில் கண்பார்வை குன்றியதால் பள்ளிப் படிப்பு நின்று போனது. பக்கத்து மிரஜ் சமஸ்தானத்தில், பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சிகரிடம் குவாலியர் பாணி இந்துஸ்தானி இசையைக் கற்கத் தொடங்கினார். அரசரின் ஆதரவும் கிடைத்தது.

வசதிக்குக் குறைவில்லை. ஆனால் மனம் ஒன்றவில்லை. ஒரு விருந்துக்குத் தம்மை அழைத்தவர்கள், பாட்டுக்காரர்தானே என்று தம் குருவை அழைக்காமல் விட்டது அவரை மிகவும் வருத்தியதாகச் சொல்வார்கள். 1896இல் மிரஜை விட்டுக் கிளம்பினார்.

அந்நாளில் பாடகர்கள் அரண்மனையை நம்பியே வாழ்ந்தார்கள். அரசர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பலுஸ்கர் வேறு வழி தேடினார். கத்தியவார் பகுதியில் பொதுமக்களுக்குக் கட்டணக் கச்சேரி நடத்தினார். காசு கொடுத்தால் யாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது அன்றைக்குப் புதுமை. சொன்ன நேரத்தில் தொடங்க வேண்டும், சபை அமைதியாக இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பானவர். இன்று நாம் சீட்டு வாங்கிக் கச்சேரிக்குப் போவதை யாரும் ஒரு செய்தியாகவே நினைப்பதில்லை.

ஊர் ஊராகப் பாடிக்கொண்டு வடக்கே சென்றவர், 1901 மே 5ஆம் தேதி லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1886இல் பரோடாவில் மௌலா பக்ஷ் ஓர் இசைப்பள்ளியை நிறுவியிருந்தார். ஆனால் அது மன்னர் தயவில் நடந்தது. லாகூர் பள்ளியோ பொதுமக்களின் நன்கொடையிலும், பலுஸ்கர் பாடிச் சம்பாதித்த பணத்திலும் நடந்தது.

குருவின் வீட்டில் பணிவிடை செய்து, அவர் மனம் வைக்கும்போது மட்டும் கற்றுக்கொண்ட காலம் அது. பலுஸ்கர் பாடத்திட்டம், வகுப்பு, தேர்வு, பட்டம் என்று ஒழுங்கு கொண்டுவந்தார். தமக்கென ஒரு சுரக் குறியீட்டு முறையை உருவாக்கிப் பாடநூல்களை அச்சிட்டார். பெண்களுக்கும் இடம் கொடுத்தார். எல்லாவற்றிலும் முக்கியமானது, இசை ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே அவர் நடத்திய ‘உபதேசக்’ வகுப்பு. அதில் சேர்ந்தவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பல ஆண்டுகள் தங்கிப் படிக்க வேண்டும். ஓம்கார்நாத் தாக்கூர், விநாயக்ராவ் பட்வர்தன், நாராயண்ராவ் வியாஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தாம்.

1908இல் பம்பாய்க் கிளை திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம், அச்சகம், வாத்தியப் பட்டறை என்று கை நீண்டுகொண்டே போனது. கடனும் கூடவே வளர்ந்தது. கச்சேரிப் பணம் வட்டிக்குப் போதவில்லை. மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் சோறும் போட்டவருக்குக் கணக்கு எப்படிச் சரியாகும்? 1924இல் கட்டடம் ஏலத்தில் போனது. வரவு செலவில் அவர் காட்டிய துணிச்சல் அளவுக்கு எச்சரிக்கை காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குள் அவர் மனம் பக்தியில் இறங்கிவிட்டது. நாசிக்கில் ஆசிரமம் அமைத்து ராம நாமப் பஜனையில் மூழ்கினார். ‘ரகுபதி ராகவ ராஜாராம்’ பாடலின் பரவலான மெட்டு அவர் அமைத்தது என்பார்கள். அவருடைய மாணவர் நாராயண் மோரேஷ்வர் கரே, காந்தியடிகளின் ஆசிரமத்தில் இசை கற்பித்தவர். 1930 தண்டி யாத்திரையிலும் உடன் நடந்தார்.

1931 ஆகஸ்டு 21ஆம் தேதி, தாம் உதறிவிட்டுப் போன அதே மிரஜில் பலுஸ்கர் காலமானார். பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் எஞ்சியிருந்த மகன் தத்தாத்ரேயருக்கு அப்போது பத்து வயது. அந்தச் சிறுவனுக்குத் தந்தையின் மாணவர்களே பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் டி.வி. பலுஸ்கர் என்று புகழ்பெற்றார். அதே 1931இல் மாணவர்கள் ஒன்றுகூடி, அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தை அமைத்தனர். அதன் இசைத் தேர்வுகள் இன்றும் நடந்து வருகின்றன.